நெருப்புக் காய்ச்சல் என்று எழுதியது நான்தான்

மாஸ்டர்,

இன்று காலை மாத்தளை பஸ் நிலையத்தில் ஒருவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். மழை இல்லை. வெயிலும் அவ்வளவாக இல்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்பிள்ளைகள் அவரைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கவேண்டும் போல் இருந்தது. சுற்றி வந்து பார்த்தேன். கன்னமும் மூக்குத் தண்டும் கருத்து, தோல் உரிந்து கிடந்தன. குடைப் பிடியில் இருந்த விரல்கள் மெல்ல நடுங்கின. அவர் என்ன மாத்திரை விழுங்குகிறார் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போகவேண்டிய உக்குவளை பஸ்ஸைப் போகவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களையும் தோட்டத்தில் 'குடை மாஸ்டர்' என்றுதான் சொன்னார்கள். பிள்ளைகள் சொன்னார்கள், ரப்பர் பால் வெட்டப் போகிற பெண்கள் சொன்னார்கள், பெரிய கிளாக்கர்கூட ஒருமுறை என் காதுபடச் சொன்னார். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களின் தோலுக்கு வெயில் ஆகாது என்பது அங்கே இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் நீங்கள், இன்னொருவன் நான். மற்றவர்களுக்குச் சொல்லாமல் மறைத்தது நான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீங்கள் கண்ணை மூடி மூன்று வருடம் கழித்து எழுதுகிறேன் என்பதிலேயே என் வீரம் எவ்வளவு என்று தெரியும்.

நான் அந்த ரப்பர், கொக்கோத் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர். நீங்கள் அதன் ஒற்றை மண்டபப் பள்ளிக்கூடத்துக்கு ஒற்றை மாஸ்டர். தொழிலாளர் வரிசை வீடுகளில் மூன்றாம் லயத்தில் பிறந்து, மாத்தளைக்கு நடந்து போய்ப் படித்து, அதே தோட்டத்தில் உத்தியோகத்தர் குவாட்டர்ஸ் சாவியை வாங்கிய முதல் ஆள் நீங்கள்தான். சாவி கிடைத்த அன்று உங்கள் அம்மா பால் வாளியோடு நேரே குவாட்டர்ஸுக்கு வந்து, உள்ளே காலை வைக்காமல் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தார். "உள்ள வாம்மா, இது நம்ம வீடு" என்று நீங்கள் கையைப் பிடித்து இழுத்தீர்கள். பால் பட்ட சேலையோடு எப்படி வருவது என்று அவர் அழுதார். நானும் அழுதேன் என்பதை நீங்கள் பிற்பாடு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள்.

நமக்குள் சிநேகிதம் வந்தது கேலியால்தான். "டிஸ்பென்சரியில மூணே மருந்துதான்ணே இருக்கு. சிவப்பு மிக்ஸர், வெள்ளை மிக்ஸர், ரெண்டுக்கும் அடங்காட்டி விளக்கெண்ணெய்" என்பீர்கள். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் டவுனுக்குப் போவோம். மணிக்கூட்டுக்கு எதிரில் நானாவின் கடையில் கொத்தமல்லி போட்ட ஆட்டுக்கறியும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகையைப் பங்கு பிரித்து வாசிப்போம். உலகத்தில் எனக்கு வேறு ஒரு சந்தோஷமும் தேவைப்படாத நாட்கள் அவை.

முதலில் ரேடியோவைத்தான் சொன்னீர்கள். டிஸ்பென்சரிக்கு வந்து, கதவை ஒருக்களித்துவிட்டு, "அண்ணே, தொரை பங்களா ரேடியோவுல என்னயப் பத்திப் பேசுறாங்க" என்றீர்கள். நான் சிரித்தேன். "ஒங்களப் பத்திப் பேசுனா நானும் ஒரு ரேடியோ வாங்குறேன் மாஸ்டர்" என்றேன். நீங்களும் சிரித்தீர்கள், ஆனால் என்னைவிடக் கொஞ்சம் பிந்திச் சிரித்தீர்கள். அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் புண்ணைக் கழுவப் போய்விட்டேன்.

பிறகு பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போது பிள்ளைகளின் "உள்ளேன் ஐயா"வுக்குப் பின்னால் வேறு ஒரு ஆள் பேசுகிறான் என்றீர்கள். "நான் என்ன செஞ்சாலும் அதச் சொல்றாண்ணே. மாஸ்டர் வெண்கட்டி எடுக்கிறான், மாஸ்டர் எழுதுறான், மாஸ்டருக்கு வேர்க்குதுன்னு." அம்மா கொண்டுவந்த சோற்றை மோந்து பார்த்துத் தள்ளி வைத்தீர்கள். நான் புழு மருந்து கொடுத்தேன். தூக்கத்துக்குப் புரோமைட் மிக்ஸர் கொடுத்தேன். உங்கள் அம்மா யட்டவத்தைப் பக்கமிருந்து ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்து உடுக்கடிக்க வைத்தார். செய்வினை என்று அவர் சொன்னார். நான் தள்ளி நின்று ஏளனமாகப் பார்த்தேன். அவருடைய விபூதியைவிட என்னுடைய போத்தல் ஒன்றும் ஒசத்தி இல்லை என்று இப்போது தெரிகிறது.

எனக்குக் கண் மறைத்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. பிரஜாவுரிமை விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு பேர் எழுத வந்தவர்களைப் பற்றி நீங்கள் பயந்தீர்கள். லயம் லயமாக உட்கார்ந்து அந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தவரே நீங்கள்தான். "எழுதுறதே இந்தியாவுக்கு அனுப்புறதுக்குத்தாண்ணே" என்றீர்கள். அந்தக் காலத்தில் அந்தப் பயம் தோட்டத்தில் எல்லாருக்கும் இருந்தது, எனக்கும் இருந்தது. ஊரே பயப்படுகிற ஒன்றுக்கு நீங்களும் பயந்தால் அதை நோய் என்று நான் எப்படிப் பிரித்துப் பார்ப்பேன்?

ஒரு திங்கட்கிழமை காலை அது பிரிந்து தெரிந்தது. நீங்கள் பிள்ளைகளை எல்லாம் மண்டபத்துக்குள் வைத்துக் கதவைத் தாழ் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உள்ளே நின்றுகொண்டீர்கள். வெளியே தாய்மார்கள் கூச்சல் போட்டார்கள். நான் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன்.

"மாஸ்டர், நான்தான். கதவத் தொறங்க."

"தொறக்க மாட்டேண்ணே. புள்ளைங்களக் கப்பல்ல ஏத்த வந்திருக்காங்க. ஒங்களுக்குப் பின்னாலயே நிக்கிறாங்க."

"எனக்குப் பின்னால ஒங்கம்மாதான் நிக்கிறாங்க."

நீங்கள் எட்டிப் பார்த்தீர்கள். உங்கள் அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு தாழைத் திறந்துவிட்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராக எண்ணி வெளியே அனுப்பினீர்கள். ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் இல்லை. அவர்களைக் காப்பாற்றத்தானே நீங்கள் நின்றீர்கள்.

தோட்டத்தை நடத்துகிற தொரை வந்தபோது என் வாயில் வந்த முதல் பொய்யைச் சொன்னேன். நெருப்புக் காய்ச்சல், டைபாய்ட், ஜுரம் மூளைக்கு ஏறிவிட்டது என்றேன். டிஸ்பென்சரிப் பதிவேட்டிலும் அப்படியே எழுதினேன். அந்தப் புத்தகத்தைத் தொரை சனிக்கிழமை தோறும் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். காய்ச்சல் என்றால் லீவு, திரும்பி வந்தால் அதே வேலை, அதே குவாட்டர்ஸ். தலையில் நோய் என்றால் அடுத்த மாதம் பத்துச்சீட்டு, வேலையும் வீடும் போய்விடும். நாலு பேர் அப்படிப் போனதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மா எட்டிப் பார்த்த அந்த வாசலை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். அன்று எழுதியதற்காக இன்றும் நான் வெட்கப்படவில்லை. அதற்குப் பிறகு செய்தவற்றுக்குத்தான்.

தோட்டத்து லொறியில் உங்களைக் கண்டிக்குக் கொண்டு போனோம். அங்கிருந்து கொழும்புப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சிங்கள டாக்டர், என் வயதுதான் இருக்கும், இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டார். எவ்வளவு நாளாக, யாருடைய குரல், அவரோடு பேசுகிறதா இல்லை அவரைப் பற்றிப் பேசுகிறதா, நினைப்பை வெளியிலிருந்து யாராவது எடுக்கிறார்கள் என்று சொல்கிறாரா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா. நான் சிங்களத்தில் பதில் சொன்னேன். உங்கள் அம்மாவிடம் தமிழில் கேட்டுச் சொன்னேன். கடைசியில் அவர் நோயின் பேரைச் சொன்னார். ஸ்கிசோப்ரினியா. தமிழில் மனச்சிதைவு என்று பிற்காலத்தில் ஒரு பத்திரிகையில் பார்த்தேன். அன்று எனக்கு அந்த இங்கிலீஷ் வார்த்தையை எழுத்துக் கூட்டவே வரவில்லை.

"இந்த நோயை இரத்தத்தில் பார்க்க முடியாது. படம் பிடித்தும் பார்க்க முடியாது" என்றார் அவர். நோயாளி சொல்வதும், கூட இருக்கிறவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்வதும் எழுதி வைப்பதும்தான் வைத்தியருக்குக் கண் என்றார். நான் தலையை ஆட்டினேன். முந்தாநாள் பதிவேட்டில் எழுதியது அப்போது என் மனதில் கூட வரவில்லை, மாஸ்டர்.

உங்கள் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இவன் வயித்துல இருக்கையில நான் ஒரு சாவு வீட்டுக்குப் போனேங்க ஐயா. அதனாலயா?"

டாக்டருக்கு நான் சொன்னதும் அவர் எழுந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் செய்ததில்லை, செய்வினையும் இல்லை, வளர்ப்பிலும் தப்பில்லை, அதிகம் படித்ததாலும் இல்லை என்றார். முழுக் காரணம் தங்களுக்கே தெரியாது என்றும் சொன்னார். சில குடும்பங்களில் வழி வழியாகத் தலைகாட்டும் என்றார். அதைத் தமிழில் சொன்னபோது அம்மா, "இவனோட பெரியப்பாவும் இப்புடித்தான் தானாப் பேசிக்கிட்டே பல்லேகமப் பக்கம் நடந்து போனாக. முனி அடிச்சிருச்சுன்னு நாங்க தேடாம விட்டுட்டோம்" என்றார்.

தலையில் மின்சாரம் வைத்தார்கள். பிறகு குளோர்ப்ரோமசின் மாத்திரை. மூன்றாம் மாதம் உங்களைக் கூட்டி வரப் போனபோது டாக்டர் என்னைத் தனியாக அழைத்து ஒரு கடிதம் கொடுத்தார். குணமாகிவிட்டது போலத் தெரியும், தெரிந்தாலும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் திரும்பி வரும், ஒவ்வொரு தடவை வரும்போதும் மீட்பது கடினமாகும் என்று அதில் இருந்தது. டிஸ்பென்சரிக் கோப்பில் வைக்கச் சொன்னார். நான் என் வீட்டுப் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்தேன்.

பதினெட்டு மாதம் நல்லபடி போயிற்று. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போனதும் குடையோடு வருவீர்கள். நான் மாத்திரையை உள்ளங்கையில் வைப்பேன். என் கண் முன்னால் விழுங்குவீர்கள். நாக்கு உலர்கிறது என்பீர்கள். உடம்பு கனத்துவிட்டது, கை நடுங்குகிறது, பலகையில் கோடு கோணலாகப் போகிறது என்பீர்கள். அந்த ஆள் இன்னும் பேசுகிறானா என்று ஒருநாள் கேட்டேன். "பேசுறான். ஆனா பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி இருக்கு. நம்ம வேலையப் பாக்கலாம்" என்றீர்கள்.

"எனக்கு வந்ததுக்குப் பேரு என்னாண்ணே?" என்று நீங்கள் கேட்டது அதே நாளில்தான். நரம்புத் தளர்ச்சி என்றேன். "அவ்வளவுதானா? பெரிய பேரா இருக்கும்னு நெனச்சேன்" என்று சிரித்தீர்கள். உங்களுடைய நோயை உங்களிடமிருந்தே மறைக்க எனக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்? பயந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன். பயந்தவன் நான்.

என் தங்கச்சி கல்யாணத்துக்காக இரண்டரை மாத லீவில் இந்தியாவுக்கு, துறையூருக்குப் போக வேண்டி வந்தது. என் இடத்துக்குப் பதில் டிஸ்பென்சர் ஒருவர் வந்தார். சுத்தமான மனிதர், கத்தரிக்கோலைக்கூட இரண்டு தடவை கொதிக்க வைப்பவர். சாவிக் கொத்தைக் கொடுக்கும்போது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். பெரிய கிளாக்கர் சாமான் கணக்குப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். "மாஸ்டருக்குக் காலையில ஒரு மாத்திரை. நரம்புக்கு. விடாமக் குடுங்க" என்று மட்டும் சொன்னேன். கிளாக்கர் போன பிறகு சொல்லியிருக்கலாம். நடந்து பஸ் ரோட்டுக்கு வந்தபிறகு திரும்பிப் போயும் சொல்லியிருக்கலாம்.

அவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. நடுங்குகிற கை, வெந்துபோன முகம், தடித்த நாக்கோடு ஒரு இளம் மாஸ்டர் வந்து நிற்கிறார். எதற்கு இந்த மாத்திரை என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கிறார். ஏறக்குறைய இரண்டு வருடத்துக்கு முன் நெருப்புக் காய்ச்சல். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. மாத்திரைதான் உடம்பைக் கெடுக்கிறது என்று நிறுத்திவிட்டார். கண்ணுள்ள எந்த டிஸ்பென்சரும் அதைத்தான் செய்திருப்பான். நானாக இருந்தாலும் செய்திருப்பேன்.

மூன்றாவது வாரம் துறையூருக்கு உங்கள் கடிதம் வந்தது. "அண்ணே, புது ஐயா மாத்திரையை நிறுத்திட்டார். கை நடுக்கம் நின்னுருச்சு. பலகையில நேர்கோடு போடுறேன். குடையக் கொண்டுபோய் அம்மாகிட்ட குடுத்துட்டேன்." எழுத்து முத்து முத்தாக இருந்தது. கல்யாண வீட்டுப் பந்தலுக்கு அடியில் நின்று அதை வாசித்தேன். தந்தி அடித்தால் மறுநாளே போய்ச் சேரும். ஆனால் தோட்டத்துக்கு வருகிற தந்தியைப் பெரிய கிளாக்கர்தான் பிரித்து வாசிப்பார். மாத்திரையை நிறுத்தாதே என்று என்ன காரணம் சொல்லித் தந்தி அடிப்பது? அதனால் கடிதம் எழுதினேன். ஒட்டி, தபாலில் போட்டு, கப்பலில் போகவிட்டேன். அது வந்து சேர்ந்தபோது நீங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை.

நான் திரும்பி வந்தபோது குவாட்டர்ஸில் வேறு ஆள் இருந்தான். யட்டவத்தைச் சந்தையில் நின்று போகிறவர் வருகிறவர் பேரையெல்லாம் கேட்டு, உங்கள் கையில் இருந்த தாளில் எழுதிக்கொண்டு இருந்தீர்களாம். யாரையும் அனுப்பிவிடாமல் இருக்க நீங்களே ஒரு பதிவு வைக்கிறீர்களாம். பைத்தியம் என்பதைச் சிங்களத்தில் பிஸ்ஸு, பிஸ்ஸு என்று கத்திக் கல்லெறிந்திருக்கிறார்கள். நெற்றியில் தையல் போட்டிருந்தது. பதில் டிஸ்பென்சர்தான் உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்.

டாக்டர் எழுதியது போலவே ஆயிற்று. இரண்டாம் தடவை மருந்து மெதுவாகத்தான் பிடித்தது, முழுக்கவும் பிடிக்கவில்லை. ஒரு வருடம் கழித்து வந்தபோது பிள்ளைகளின் முன்னால் நிற்கிற மனிதர் நீங்கள் இல்லை. அம்மாவின் லயத்துக் காம்பராவில் பத்து வருடம் இருந்தீர்கள். அம்மா போன பிறகு என் வீட்டுப் பின்னறையில் இரண்டு வருடம். பலருக்கும் மனு எழுதிக் கொடுத்தீர்கள். என் மகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். நல்ல நாட்கள் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பள்ளிக்கூட மணி அடிக்கிற சத்தம் கேட்டால் எழுந்து சட்டை போடுவீர்கள். போட்டுவிட்டு, கொஞ்சம் யோசித்து, மறுபடி கழற்றி மடித்து வைப்பீர்கள். நான் அடுக்களைப் பக்கம் போய்விடுவேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். "அந்த ஐயாகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லாமயாண்ணே போனீங்க?"

"எல்லாம் வெவரமாச் சொல்லிட்டுத்தான் போனேன். அவருக்குத்தான் வெளங்கல" என்றேன்.

அது இன்னொரு பொய். முதல் பொய் உங்கள் வேலைக்காக. இது என்னுடைய முகத்துக்காக.

கடைசி வருடம் நெஞ்சுச் சளி கட்டி, எழுந்து நடக்க முடியாமல் இருந்தபோது என்னை ஒரு கடிதம் எழுதச் சொன்னீர்கள். அந்தப் பதில் டிஸ்பென்சருக்கு. அவர் உக்குவளைக்கு மாறி வந்திருக்கிறார் என்று எப்படியோ கேள்விப்பட்டிருந்தீர்கள். "மாத்திரையை நிறுத்தினதுக்கு அவரு மேல எனக்கு ஒரு கோபமும் இல்லைன்னு எழுதுங்க. பாவம், வெளங்காமத்தானே செஞ்சாரு. மனசுல வச்சுக்கிட்டு இருக்கப் போறாரு." நீங்கள் சொல்லச் சொல்ல எழுதினேன். என் கை நடுங்கியதைப் பார்த்து, "நீங்களும் அந்த மாத்திரையா சாப்புடுறீங்க?" என்று கேலி செய்தீர்கள். நோயின் பேரையும் எழுதச் சொன்னீர்கள். அது உங்களுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் தொங்கிய அட்டையில் பார்த்தீர்களாம். என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தீர்களாம்.

அவரிடமிருந்து ஒரே வாரத்தில் பதில் வந்தது. நாலு பக்கம். உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தேன். அத்தனை வருடமும் அது தன்னை அரித்துக்கொண்டே இருந்ததாகவும், மாஸ்டரிடம் நேரில் வரத் தைரியம் வரவில்லை என்றும், கை கூப்பி மன்னிப்புக் கேட்பதாகவும் எழுதியிருந்தார். இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரு வரி இருந்தது. 'பதிவேட்டில் நெருப்புக் காய்ச்சல் என்று மட்டுமே இருந்தது, இருந்தாலும் நான் விசாரித்திருக்க வேண்டும்.' அந்த வரியை நான் வாசிக்கவில்லை. மூச்சு விடுவது போல விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல மனுசன்ணே" என்றீர்கள். ஆறாம் நாள் போய்விட்டீர்கள்.

ஒரு தப்பும் செய்யாதவர் மன்னிப்புக் கேட்டார், நீங்கள் அவரை மன்னித்தீர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் தப்புச் செய்த நான் உட்கார்ந்து கடிதம் வாசித்தேன். அந்த ஒரு வரியை மூன்று வருடமாக நான் யாருக்கும் வாசிக்கவில்லை. இன்று உங்களுக்கு அதை வாசித்துக் காட்டிவிட்டேன்.

உக்குவளையில் ஸ்டேஷனுக்கு எதிரில் அவருடைய வீடு. தினமும் அதைக் கடந்துதான் வீட்டுக்குப் போகிறேன், அந்தப் பக்கம் பார்க்காமல். இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அவருக்கு எழுத வேண்டும். உங்களுக்கு எழுதுவது எனக்கு லேசாக இருந்தது, மாஸ்டர். அவர் பதில் எழுதுவார்.